மாமிசம் தின்ற பச்சை ஓணான்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனிதகுலம் செய்த பெரிய காரியம், எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பச்சை ஓணானைக் கூண்டில் வைத்து, 'சாப்பிட்டாயா?' என்று அதன் ரத்தத்திடம் கேட்டதுதான். தட்டு பொய் சொல்லலாம். உடம்பில் சேரும் நிலையான ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் கனமான, லேசான அணுக்கள், பொய் சொல்வதில்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் கனமான நைட்ரஜன் குறைவாக இருந்தால் தின்றது இலை, கூடினால் மாமிசம். அதை அளக்கும் கருவியை இயக்குபவள் நான். வீட்டில் என்னை யாரும் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை என்பதால், ஓணான்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அதற்கு 'அங்கீகரிக்கப்பட்ட தீனி' இருந்தது. இலைகளை அரைத்து, காயவைத்து, இலையின் வாசம் துளியும் இல்லாதபடி இயக்குநரே வடிவமைத்த சாம்பல் நிற உருண்டை. வேறு எதைக் கொடுத்தாலும் ஆய்வு கெட்டுவிடுமாம். ஓணான் உருண்டையை முகர்ந்தது. பிறகு, இயக்குநரின் திட்டங்களைக் கேட்கும்போது நாங்கள் செய்வதுபோல, கண்ணை மூடிக்கொண்டது.

தட்டில் வைத்ததைத் தின்றதாகக் கொள்வது எங்கள் நடைமுறை. மிச்சத்தைக் கவனிக்கத் தனிக்குழு அமைப்பதாக இருந்தார்கள். அதற்குள் ஓணானின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டது. கனமான நைட்ரஜனும் ஏறிக்கொண்டே போனது.

இயக்குநர் பூரித்துப்போய், 'சைவ ஓணான் அசைவமானது' என்று ஒரு மாநாட்டுக்கு எழுதி அனுப்பினார். கூடவே, திருட்டுத்தனமாகக் கறி போட்டதாக, கூண்டுக்குத் தீனி வைக்கும் காப்பாளர்மேல் விசாரணையும் வைத்தார். கண்டுபிடிப்பு என்றால் பெருமை தனக்கு, தவறு என்றால் வேலை போவது அவருக்கு. நிர்வாகத் திறமை என்பது இதுதான்.

காப்பாளரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். விசாரணையில் அவர் சொன்னார்: "என் சாப்பாட்டு டப்பாவுல கறி வர்றதே அபூர்வம் சார். அதைக் கொண்டுபோய் இதுக்கா போடுவேன்?"

நான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் பயம் வந்தது. பட்டினி கிடக்கும் பிராணி தன் தசையையே கரைத்து உயிர் வாழும், கருவியின் கணக்கில் அதுவும் மாமிசம்தான் என்று விளக்கினேன்.

"அது தன்னையே தின்னுக்கிட்டிருக்கு சார்."

இயக்குநர் ஆழ்ந்து யோசித்தார். "அதுக்கு யாரு அனுமதி கொடுத்தா?"

"யாரும் கொடுக்கல."

"அப்போ அது அங்கீகரிக்காத தீனிதானேம்மா?"

கூட்டம் தீர்மானித்தது: தீனி மாறாது. ஓணான் தன்னைத் தின்பதை உடனடியாக நிறுத்திக்கொள்ள வேண்டும். தவறினால் அண்ணனுக்கு வேலையில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இதை அதுகிட்ட நான் எப்படிம்மா சொல்றது?"

வேலியோரச் செம்பருத்தியில் கை நிறைய இலை பறித்தேன். அண்ணனை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, நானே கூண்டைத் திறந்தேன். ஓணான் ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு வாயை. அது மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, எத்தனையோ நாளாக எனக்கே பசித்திருந்ததுபோல இருந்தது.

அடுத்தடுத்த சொட்டுகளில் நைட்ரஜன் இறங்கியது. இறங்கியதை இறங்கியபடியே எழுதிக் கையெழுத்திட்டேன். இலை போட்டது நான்தான் என்பதையும்.

அண்ணன் வேலையில் நீடிக்கிறார். ஆய்வுக்கு ஈடுசெய்ய முடியாத சேதம் விளைவித்ததாக இப்போது விசாரணை என்மேல். குற்றத்தை நிரூபிக்க நிர்வாகம் ஒரே ஒரு சாட்சியத்தைத்தான் முன்வைத்திருக்கிறது: ஓணான் உயிரோடு இருக்கிறது.