ராகுகாலத்தில் மட்டும் திறக்கும் இணையம்

மயிலாப்பூர்,
புதன்கிழமை, காலை மணி ஒன்பது.

சிரஞ்சீவி மாப்பிள்ளை பரத்வாஜுக்கு,

மாமனார் வேதாந்தம் மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியார் ஹம்சாவும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகளைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். பாலவாக்கத்தில் நீங்களும், எங்கள் பெண் அனன்யாவும், உங்கள் அப்பா அம்மாவும் கடல்காற்று வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் நிம்மதியைக் கெடுக்கக் கூடாது என்றுதான் பத்து நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று முடியவில்லை.

உங்களுக்கே தெரியும், முப்பத்துநாலு வருஷம் காலேஜில் விலங்கியல் பாடம் எடுத்து, அதிலும் கொசுவையே கட்டிக்கொண்டு அழுது, ரிட்டயர் ஆன பிறகு "கொசு எனும் அண்டைவீட்டார்" என்று பொதுமக்களுக்காக ஒரு புத்தகம் எழுதுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். கே.கே. நகர் பதிப்பாளர் இசக்கிமுத்துவும் நம்பி ஒப்புக்கொண்டார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அடித்து, "முதல் பிரதியைப் பெற்றுக்கொள்பவர்" என்று உங்கள் அப்பா பெயரையும் போட்டாயிற்று. அதற்காக அவர் புது ஜிப்பா தைக்கக் கொடுத்திருக்கிறார் என்று அனன்யா சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், மூன்று முறை வாய்தா வாங்கிவிட்டேன். போன வாரம் இசக்கிமுத்து போன் பண்ணி, "சார், இது கடைசி. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா உங்க கொசுவைத் தூக்கிட்டு அந்த எடத்துல ஊறுகாய் புஸ்தகத்தைப் போட்டுருவேன். அந்தம்மா எழுதி முடிச்சு ஆறு மாசமாக் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். வெள்ளிக்கிழமை என்பது நாளை மறுநாள்.

வாய்தா ஏன் வாங்கினேன் என்பதற்கு நீங்களே சாட்சி. பத்து நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் இங்கே சாப்பாட்டுக்கு வந்தபோது, கொசுவின் இறக்கை வினாடிக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று சரிபார்க்கக் கணினியைத் திறந்தவன், இரண்டு மணி நேரம் கழித்து எங்கோ ஒரு தேசத்தில் துருப்பிடித்த கத்தியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். பின்னால் வந்து நின்றுகொண்டு, மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் நீங்களும் பார்த்தீர்கள். பிறகுதான், "மாமா, இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, கவனத்தைக் கெடுக்கற சைட்டையெல்லாம் அடைச்சுடும்" என்றீர்கள். எதையெதை அடைக்கலாம் என்று பட்டியல் போடச் சொன்னீர்கள். நான் எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் தாண்டியும் முடியவில்லை. உடனே எனக்கு ஒரு வீராவேசம் வந்து, "பட்டியல் எதுக்கு? மொத்தமா அடைச்சுடுங்கோ, போனையும் சேர்த்து" என்றேன். போனில் பேசலாம், வேறு ஒன்றும் கூடாது. அனன்யா கைதட்டினாள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

நாளுக்கு ஒன்றரை மணி நேரமாவது திறந்து வையுங்கள் என்று நீங்கள் சொன்னது நியாயம். எந்த ஒன்றரை மணி நேரம் என்று கேட்டீர்களே, அப்போது என் வாயில் சனி உட்கார்ந்தது. ராகுகாலத்தில் எப்படியும் உருப்படியான வேலை எதையும் தொடங்க ஹம்சா விடமாட்டாள். விளங்காத நேரத்தை விளங்காத காரியத்துக்கே கொடுத்துவிடலாம் என்று நானே கணக்குப் போட்டு, காலண்டர் தாளைக் கிழித்து உங்கள் கையில் கொடுத்தேன். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று ஏழு நாளுக்கு ஏழு நேரத்தை, பாவம், நீங்களும் பொறுமையாகப் பதிந்தீர்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஹம்சாகூட, "இவருக்கு இப்படியெல்லாம் தோணுமா!" என்று இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

அடுத்தது பாஸ்வேர்டு. அதை யாரிடம் கொடுப்பது? ஹம்சாவிடம் கொடுத்தால் நான் மூன்றாவது தடவை முனகும்போது எடுத்து வீசிவிடுவாள். அனன்யாவோ, "கண்ணா" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவாள். மாப்பிள்ளையிடம் இருந்தால்தான் பத்திரம். எந்த மாமனாராவது மாப்பிள்ளையிடம் போய்க் கெஞ்சுவானா, அதட்டுவானா? என் வாயைக் கட்ட உங்களைவிடப் பெரிய பூட்டு கிடையாது என்று நினைத்தேன். அதோடு விட்டேனா? "நான் போனில் கேட்டாலும் நேரில் வந்து அழுதாலும் கொடுக்கக் கூடாது, தகுந்த காரணம் காட்டி, என் கையெழுத்தில், இங்க் பேனாவால் கடிதம் வந்தால் மட்டுமே பரிசீலிக்க வேண்டும்" என்று, லீவ் லெட்டர் கேட்கும் பழக்கத்தில் ஒரு சட்டத்தையும் போட்டேன். நீங்கள் பாஸ்வேர்டு அடிக்கும்போது கௌரவமாகச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

முதல் நாளே விபரீதம் தொடங்கிவிட்டது. இணையம் இல்லாவிட்டால் மனுஷன் எழுதுவான் என்று அந்த சாஃப்ட்வேர் செய்தவர்கள் நம்புகிறார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் முழுவதையும் படித்தேன். மின்விசிறி மூன்றையும் துடைத்தேன். பீன்ஸை எந்தக் கோணத்தில் நறுக்கினால் சீக்கிரம் வேகும் என்று ஹம்சாவுக்கு எடுத்துச் சொன்னேன். வீட்டு வேலைக்கு வரும் பாஞ்சாலி பக்கெட்டைத் தூக்கிய இடமெல்லாம் பின்னாலேயே போய், தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும் விதத்தை விளக்கினேன். மூன்றாவது நாள் அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "இன்னாம்மா இது, சாரு என் பின்னாலயே சுத்திக்கினு கீறாரு! பக்கெட்டுல முட்ட கீதா, மக்குல முட்ட கீதான்னு. நான் வேல செய்றதா, பரிச்ச எழுதுறதா?" என்று ஹம்சாவிடம் முறையிட்டாள். ஹம்சா என்னைப் பார்த்து, "ஏன்னா, அந்தக் கத்தி தேய்க்கறவனையே பார்த்துண்டு இருங்கோ. ஆத்துல எல்லாரும் நிம்மதியா இருந்தோம்" என்றாள்.

இந்தப் பக்கம் இப்படியென்றால், வாட்ஸ்அப் பக்கம் வேறு மாதிரி. உங்கள் அப்பா குடும்பக் குழுவில் தன் மாடித்தோட்டத்துக் கத்தரிக்காயைப் படம் எடுத்துப் போட்டு, ஊரே பாராட்டி, நான் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். "வேதாந்தத்துக்கு நம்ம மேல ஏதாவது கோபமா?" என்று அவர் கேட்டதாக அனன்யா சொன்னாள். அடுத்த ராகுகாலம் திறந்ததும் பாய்ந்து, எல்லாக் குழுவிலும் தேங்கிக்கிடந்த நாற்பத்தொரு செய்திக்கும் ஒரே மூச்சில், "மிக்க மகிழ்ச்சி! மேலும் தொடரட்டும்!" என்று அனுப்பினேன். கத்தரிக்காய்க்கும் போயிற்று, சம்பந்தியும் சமாதானம் ஆனார். ஆனால் அந்த நாற்பத்தொன்றில் ஒன்று, என்னோடு வேலை பார்த்த ஸ்ரீவத்சனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த செய்தி. ஆஸ்பத்திரியிலிருந்தே போன் பண்ணினார். "வேதாந்தம், இன்னும் எத்தனை தொடரணும்னு சொன்னா டாக்டர்கிட்டச் சொல்லிடறேன்" என்றார். சிரிக்கக் கூடாதாம், தையல் பிரியுமாம். ஆனாலும் சிரித்தார், நல்ல மனுஷர்.

இத்தனைக்கும் நடுவில் புத்தகம் முடிந்துவிட்டது, மாப்பிள்ளை. அனுப்புவதுதான் பாக்கி. முந்தாநாள் திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, இணையம் திறந்திருக்கும் நேரத்தில், இசக்கிமுத்துவுக்கு அனுப்புவதற்காக மின்னஞ்சலில் எல்லாவற்றையும் சேர்த்து, பொத்தான்மேல் விரலை வைத்தேன். பூஜை அறையிலிருந்து ஹம்சா ஓடிவந்தாள். "ஏன்னா! முதல் புஸ்தகம்! ராகுகாலத்துல அனுப்பினா விளங்குமா? எடுங்கோ கையை!" என்றாள். நான் விஞ்ஞானம் படித்தவன். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கை தானாக எழுந்துவிட்டது. ஒன்பதுக்குமேல் நல்ல நேரம். அப்போது இணையம் அடைபட்டுவிட்டது. நிலைமை புரிகிறதா? நல்ல நேரத்தில் இணையம் இல்லை, இணையம் இருந்தால் நல்ல நேரம் இல்லை. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு திறக்கும், அதுவும் ராகுகாலம்தான். இந்த ஜென்மத்தில் என் புத்தகம் மயிலாப்பூரைத் தாண்டாது. இப்படி ஒரு ஏற்பாட்டை எதிரி செய்திருந்தால் போலீசில் சொல்லலாம். நானே செய்துகொண்டதற்கு யாரிடம் சொல்வது?

"என் போன்லேர்ந்து அனுப்புங்கோளேன், இல்லேன்னா பென் டிரைவ்ல போட்டுக் கொண்டுபோய்க் குடுங்கோளேன். கே.கே. நகர் என்ன கன்னியாகுமரியா?" என்று ஹம்சா கேட்கிறாள். அதில் சில தொழில்நுட்பச் சிக்கல்கள் இருக்கின்றன. விவரித்தால் கடிதம் நீண்டுவிடும்.

என் தவறுகளையும் மறைக்கக் கூடாது. முப்பத்துநாலு வருஷம் பரீட்சை ஹாலில் பிட் அடித்த பையன்களைக் காலரைப் பிடித்துத் தூக்கியவன் நான். அப்படிப்பட்டவன் நேற்று மதியம் கணினியின் கடிகாரத்தைத் திருப்பி, ராகுகாலம் வந்துவிட்டதாக அதை நம்பவைக்கப் பார்த்தேன். அது என் காலரைப் பிடித்துவிட்டது. "நேரம் மாற்றப்பட்டுள்ளது, உங்கள் நன்மைக்காக தினசரி அடைப்பு இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கப்படுகிறது" என்று எழுதிக் காட்டியது. அதற்கு முன்பே பாஸ்வேர்டையும் ஊகித்துப் பார்த்தேன். உங்கள் பிறந்த நாள், அனன்யா பிறந்த நாள், உங்கள் கல்யாண நாள் எல்லாம் தப்பு. உங்களுக்குக் கல்யாண நாள் ஞாபகம் இருக்கிறதா என்று அனன்யாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு நேற்று சாயங்காலம் உங்களுக்கே போன் பண்ணினேன். நீங்களும் ரொம்பப் பணிவாக, "மாமா, நீங்கதானே லெட்டர் வேணும்னு சொன்னேள்?" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு வேறு யாராவது இருந்தால் நடப்பதே வேறு. மாப்பிள்ளையாகப் போய்விட்டீர்கள். "ரொம்ப சந்தோஷம், உடம்பைப் பார்த்துக்கோங்கோ" என்று சொல்லி வைத்தேன்.

ஆகவே, இதோ கடிதம். என் கையெழுத்து, இங்க் பேனா, தகுந்த காரணம், எல்லாம் இருக்கின்றன. இதைக் கொண்டுவரும் ஆட்டோக்கார அசோகன், எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் இருப்பவர், நம்பகமானவர். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, மடித்து, ஒட்டி அவரிடமே கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். ஒரு கிழவனின் மானமும், உங்கள் அப்பாவின் ஜிப்பாவும் உங்கள் கையில் இருக்கின்றன.

நீங்களும் அனன்யாவும் எல்லாச் செல்வமும் பெற்று, ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் பேசிக்கொண்டு, நீடூழி வாழ்க. உங்கள் அப்பா அம்மாவுக்கு என் நமஸ்காரம். கத்தரிக்காய்க்கு என் விசாரிப்பு.

ஆசீர்வாதத்துடன்,
வேதாந்தம்

பின்குறிப்பு: உறையை ஒட்டி அசோகனிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு விஷயத்தைக் கேட்டார், சொன்னேன். "இன்னா சார், பாலவாக்கம் போய் பாஸ்வேர்டு வாங்கியாந்து, அத்த கம்ப்யூட்டர்ல போட்டு, அப்பால கே.கே. நகருக்கு அனுப்பப் போறியா? எதுக்கு சார் இந்த சுத்து? பென் டிரைவ்ல போட்டுக் குடு, நானே நேரா கே.கே. நகர்ல குடுத்துட்டு வந்துடறேன். அரை மணி நேர வேல" என்றார். நான் ஆட்டோ மீட்டரைப் பார்த்தேன். "இன்னா சார், முழிக்கிறே?" என்றார். ஹம்சாவிடம் மழுப்பிவிட்டேன், உங்களிடமும் மழுப்பிவிட்டேன். அந்த மனுஷன் கண்ணைப் பார்த்து மழுப்ப முடியவில்லை. உறையைத் திரும்ப வாங்கி, கிழித்து, இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, புத்தகம் முடியவில்லை. பதினோரு அத்தியாயம் இருக்கிறது. பன்னிரண்டாவது அத்தியாயம் "கொசுவை விரட்டுவது எப்படி?" அதில் தலைப்பைத் தவிர ஒரு வரி கிடையாது. திங்கட்கிழமை ஹம்சா ஓடிவந்து தடுத்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த ஓர் அத்தியாயத்துக்காகத்தான் ஜனங்கள் புத்தகத்தையே வாங்குவார்கள். முப்பத்துநாலு வருஷம் கொசுவைப் படித்தவனுக்கு, தன் வீட்டுக் கொசுவை விரட்டத் தெரியவில்லை என்று எப்படி எழுதுவது? அதனால்தான் கத்தியை எவனோ தேய்க்க, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹம்சா வந்து, "ஏன்னா, உடம்பு சரியில்லையா? ராகுகாலம் ஆரம்பிச்சு முக்கால் மணி ஆச்சு. இன்னிக்குக் கத்தி பார்க்கலையா?" என்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால். பன்னிரண்டு மணியிலிருந்து இணையம் திறந்தே கிடக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. காலை ஒன்பதிலிருந்து, அசோகனிடம் நின்ற நேரம் போக, தலை நிமிராமல் பதினைந்து பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாததை, பட்ட அவமானத்தை, ஒன்றும் விடாமல். இப்படியே அந்தப் பன்னிரண்டாவது அத்தியாயத்தையும் எழுதிவிடப் போகிறேன்: எனக்கும் தெரியாது, வாருங்கள், சேர்ந்தே அடிப்போம் என்று. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, நல்ல நேரத்தில், பென் டிரைவோடு கிளம்ப அசோகனிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

ஆகவே பாஸ்வேர்டு வேண்டாம். உங்கள் அப்பாவின் தையற்காரரைச் சீக்கிரம் தைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு இதைவிட நல்ல காரணத்தோடு என் கையெழுத்தில் இன்னொரு கடிதம் வந்தால், தயவுசெய்து பிரிக்காதீர்கள்.