எலிப்பகை அக்காவின் கறுப்புத் திரை

தருமபுரி மாவட்டத்தில் கம்ப்யூட்டரை அதட்டி வேலை வாங்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் எலிப்பகை அக்காதான். நான் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் போட்டோ ஸ்டூடியோவில்தான் அவருக்கும் வேலை. சேர்ந்த அன்றே மவுஸைப் பிடுங்கி முதலாளி பாயின் மேஜையில் வைத்துவிட்டார். மதியத்துக்குள் பட்டப்பெயர் வந்துவிட்டது.

எதையும் கிளிக் செய்ய மாட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை தட்டுவார். வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்து, கம்ப்யூட்டர் ரிப்பேரா என்று அனுதாபத்தோடு விசாரிப்பார்கள். நான் படங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக் கை வலித்து உட்கார்ந்திருப்பேன். அவர் ஒரே வரியில் அத்தனைக்கும் மாற்றிவிட்டு முறுக்கு தின்பார். அழிக்கும் கட்டளையையும் நம்பமாட்டார்; அது படங்களைக் குப்பை ஃபோல்டருக்கு மட்டும் தள்ளும்படி மாற்றி வைத்திருந்தார். பாய் ஒரு வளைகாப்புப் படங்களை முழுசாக அழிக்கச் சொல்லிவிட்டு மறுநாள் தலையில் கைவைத்தபோது, வளையல் ஒன்றுகூடக் குறையாமல் அங்கிருந்து எழுந்து வந்தது.

போன தை மாதம் ஒரே முகூர்த்தத்தில் அதியமான்கோட்டையில் ஒரு கல்யாணம், நல்லம்பள்ளியில் ஒரு கல்யாணம். இரண்டு கேமராப் படங்களையும் பாய் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டார். கொஞ்ச நாளிலேயே நல்லம்பள்ளிப் பெண்ணின் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். பெண்ணின் அண்ணன் வந்து நின்றார். மறுநாள் காரியம், வைத்துக் கும்பிட அப்பா படம் வேண்டும். வீட்டில் இருப்பது ரேஷன் கார்டில் முறைக்கிற படம் மட்டும்தான்.

பாய் அந்த ஃபோல்டரைக் கிளிக் செய்தார். அத்தனை படங்களைத் தாங்காமல் கம்ப்யூட்டர் உறைந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். அப்படியே இருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்தக் கேமரா, எத்தனை மணி என்பது ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகியிருக்குமாம். தாரை வார்த்த நேரத்தை அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, நல்லம்பள்ளிக் கேமராவில் அந்த நேரத்தில் எடுத்தவற்றை மட்டும் தனியே நகலெடுக்க நாலைந்து வரி எழுதினார். ஆனால் ஓட்டவில்லை. நகலெடுக்கும் கட்டளைக்கு முன்னால் 'எக்கோ' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் எதையும் தொடாது. செய்யப்போவதை எழுதிக் காட்டும், அவ்வளவுதான்.

"ஏம்மா, சட்டுனு ஓட்டும்மா. தம்பி நிக்கறாரு."

"நிக்கட்டுங்க பாய். என்ன செய்யப்போறேன்னு மொதல்ல அதுவே சொல்லட்டும். அப்பறந்தான் செய்ய வுடுவேன்."

நல்லவேளை. திரையில் பாதிப் பெயர்கள் வெட்டுப்பட்டு நின்றன. ஒரே பெயரில் இரண்டு படம் வந்த இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு இடைவெளி விட்டு எண் சேர்த்திருக்கிறது. மேற்கோள் குறிக்குள் பெயரை அடைக்காவிட்டால் ஒரு படத்தை இரண்டென்று நினைத்து, இரண்டையும் காணோம் என்றுவிடுமாம். குறியைப் போட்டார். மறுபடியும் எக்கோ. வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். பாய் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கடைசியில்தான் அந்தச் சொல்லை நீக்கி ஓட்டினார்.

படம் கிடைத்தது. மகள் கையைப் பிடித்தபடி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

"அப்பா இப்புடிச் சிரிச்சு நாங்க பார்த்ததே இல்லீங்கக்கா" என்றார் அண்ணன், மெதுவாக.

அக்கா படத்தை என் பக்கம் அனுப்பினார். "மூஞ்சிய வெளுக்க வேண்டாம் தம்பி. அவரு நெறத்துலயே இருக்கட்டும்."

அக்கா லீவு போடும் நாளில் எனக்கு வேலை ஓடுவதில்லை. நேரில் சொன்னால் அதட்டுவார். அதனால் உங்களிடம் சொல்லிவிட்டேன்.