ஒருத்திக்கு மட்டும் இட்லி மாவு

வெள்ளானூர்,
ஞாயிறு மாலை.

கர்த்தரின் கிருபையால் ஓசூரில் சுகமாக இருக்கும் தம்பி ஜெர்வினுக்கு அக்கா சாராள் எழுதுவது. நான் நலம். ரெனிதாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

"மச்சான் தவறின பிறகு தனியா என்னக்கா பண்ற, வேலையை விட்டுட்டு எங்ககூட வந்துடு" என்று போன வாரம் போனில் சொன்னாய். வரமாட்டேன். எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை. பள்ளியில் ஆசிரியர்களுக்கு உயர்நிலைச் சிந்தனைப் பயிற்சி நடக்கிறது. பிள்ளைகளுக்குச் செயல்திட்டம் கொடுக்குமுன் நாங்களே ஒன்று செய்து பார்க்க வேண்டுமாம். "உங்க வாழ்க்கையில இருக்கிற நிஜமான சிக்கலை எடுங்க. அலசுங்க, மதிப்பிடுங்க, புதுசா ஒரு தீர்வு உருவாக்குங்க" என்றாள், பயிற்சி தர வந்த அனுசுயா. வயதில் என் பழைய மாணவி மாதிரி இருக்கிறாள்.

மற்றவர்கள் குப்பை, கொசு, மழைநீர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது, ஒரு ஆளுக்கு மட்டும் இட்லி மாவு அரைப்பது எப்படி. சிரிக்காதே. கைப்பிடி உளுந்து போட்டால் கிரைண்டரில் கல் மட்டும் சுற்றுகிறது, மாவு ஓரமாக ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது, மிக்ஸியில் அரைத்தால் சூடேறி இட்லி கல்லாகிறது, நிறைய அரைத்துவிட்டால் ஃபிரிட்ஜைத் திறக்கவே பயமாக இருக்கிறது, இதையெல்லாம் அட்டவணை போட்டு அலசி, தெருவில் வீட்டுக்கு வீடு முறைவைத்து அரைத்துப் பகிரலாம் என்று தீர்வும் உருவாக்கி, கருத்துக் கேட்கப் பேனாவும் காகிதமுமாகக் கிளம்பினால், எதிர்வீட்டுக் கன்னியம்மாள் கதவைத் திறந்ததுமே, "இன்னா டீச்சர், மறுபடியும் ஓட்டு லிஸ்ட்டா?" என்கிறாள். இல்லம்மா, உங்க வீட்ல இட்லி சாப்பிடுறவங்க எத்தனை பேர்னு சொல்லு போதும் என்றேன். "ஏழு பேரு. எங்க ஊட்டுக்காரரை மட்டும் ரெண்டா எழுதிக்கோ. உன் ஊட்ல?" என்றாள். நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே வரிசையாகத் தூக்கு, குண்டான், பால்பவுடர் டப்பா. கன்னியம்மாள் புருஷன் தேவா தெருவுக்கே கேட்கும்படி, "டீச்சர் மாவு யாவாரம் ஆரம்பிச்சிகீது மாமே, ஓடியா!" என்று யாரையோ கூப்பிடுகிறான். மறுக்க மனம் வரவில்லை. முதல் வாரம் இனாம் என்று சொல்லிவைத்து அரைத்தேன், ஊற்றினேன். என் சமையலறை வரை வந்து உப்பு போதுமா போதாதா என்று சண்டை போட்டார்கள்.

பயிற்சியில் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அனுசுயா மட்டும் சிரிக்கவில்லை. "அலசல் நல்லாருக்கு மேடம். ஆனா இது மாவுப் பிரச்சினை இல்லையே" என்றாள். சின்னப் பெண், மாவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஆகவே தம்பி, நான் தனியாக இல்லை. வாசல் நிறையப் பாத்திரம் இருக்கிறது. ஓசூர் பேச்சை இனி எடுக்காதே.

பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் எல்லோரையும் ஜெபத்தில் நினைக்கும்,
அக்கா சாராள்.

பி.கு.: இதை மடித்து வைத்த பிறகு, உளுந்து தீர்ந்துபோனதால், வியாபாரம் இல்லை என்று தெருவில் சொல்லிவிட்டேன். அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கன்னியம்மாள் மட்டும் நின்று, "அப்ப இன்னாத்துக்கு டீச்சர் ஊடு ஊடா வந்து கதவைத் தட்டினே?" என்றாள். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டாள். முழுப் பரீட்சை முடிந்ததும் ஓசூருக்கே வந்துவிடுகிறேன். உங்கள் பின்னறையில் சாமான் போட்டிருந்தால் ரெனிதாவிடம் சொல்லி ஒழித்துவை.