முன்னால் நடக்க வேண்டியது யார்

அரியூர் நாடு, கொல்லிமலை
1930 ஆனி, செவ்வாய்க்கிழமை

கிறிஸ்துவுக்குள் பிரியமான மச்சான் கருப்பண்ணனுக்கு, மலைமேலிருந்து காளியண்ணன் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் அக்கா அத்தாயியும் சுகம். அடிவாரத்தில் உங்கள் சுகத்தையும் உங்கள் எருதின் சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. வியாழக்கிழமை மிஷன் கூட்டத்தில், எங்கள் சபைக்குச் சின்னராசுவே மூப்பராக இருக்கலாமா, வேறு ஆளைப் போடலாமா என்று, மலை விவரம் தெரிந்தவர் என்பதால் உங்களைத்தான் கேட்பார்களாம். அதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் தீரவேண்டும். பதினாறு வருஷத்துக்கு முன்னால் மிஷன் வெள்ளைக்காரத் துரை நம்ம பலா மரத்தடியில் நின்று, இனி உங்களுக்குள்ளே மேலே கீழே இல்லை, எல்லாரும் சகோதரர் என்றார். அப்போது தூறல். அவர் இடது கெண்டைக்காலில் அட்டை ஏறியிருந்தது, நான்தான் சுண்ணாம்பு வைத்து எடுத்தேன், அதனால் சொன்னது சொன்னபடி நினைப்பு இருக்குதுங்க. அன்றைக்கே ஊர்க்கவுண்டர் முன்னால் தலைப்பாகை அவிழ்க்கிறதை விட்டேன். அவர் என் களத்துப் பக்கம் வருகிறதை விட்டார். பிறகு பார்த்தால் மூப்பர் என்று ஒருத்தர் வேண்டுமாம். சகோதரருக்குள்ளே மூப்பர் எதற்குங்க என்றேன். வேதம் வாசிக்க ஆள் வேணுமே என்றார்கள். பதினாலு ஊட்டில் எழுத்துத் தெரிந்தவன் சின்னராசு ஒருத்தன்தான், வாசிக்கட்டும் என்று விட்டோம். வாசித்தவன் பெஞ்சில் உட்கார்ந்தான், நாங்கள் பாயில். அப்புறம் ஜெப வீட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் மூப்பர்தான் முன்னால் போகணும் என்றான். கவுண்டரும் அப்படித்தானே போவார் என்றேன். அவர் வேறே, நான் மேய்ப்பன், நீங்கள் மந்தை என்றான். நம்ம மலையில் மேய்க்கிறவன் ஆட்டுக்குப் பின்னால்தானே வருவான் என்று கேட்டதற்கு, வேதத்து ஆடு வேறே என்றுவிட்டான். அவன் தவழ்ந்ததைப் பார்த்தவன் நான், ஆடாகப் பின்னால் நடந்தேன்.

போன ஞாயிறு பலாப்பழ வாசத்துக்குப் பாதையில் கரடி வந்து உட்கார்ந்திருந்தது. கரடி எங்களைப் பார்த்தது, நாங்கள் கரடியைப் பார்த்தோம். மூப்பர் மெதுவாகத் திரும்பி, “மாமா, நமக்குள்ள மேல கீழ ஏதுங்க, நீங்க முன்னால போங்க” என்றான். நான் யோசிக்கிறதுக்குள்ளே வரிசையின் கடைசிக்குப் போய், நம்ம மலை மேய்ப்பனாட்டம் நின்றுகொண்டான். இந்த இடத்தில் எழுதுகிற கை நின்றுவிட்டது. எழுது சாமி என்றேன். எழுதுகிறது. உங்கள் அக்காதான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போய், “போ சாமி, எங்களுக்கு ஜெபத்துக்கு நேரமாச்சு” என்று கரடியிடம் சொன்னாள். கரடி ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு புதருக்குள் இறங்கிவிட்டது.

கோபத்தில் கேட்கவில்லைங்க, தெரியாமல்தான் கேட்கிறேன். எல்லாரும் சமம் என்பது பெஞ்சுக்கா, கரடிக்கா? சபையில் கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். விடை தெரியாமல் சபையில் கொடுக்கிற இராப்போஜன அப்பத்துக்குக் கை நீட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆகையால் ஆளை மாற்றச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். எருதுக்கும் ஒரு கை வைக்கோல் என் பேரால் போடவும்.

இப்படிக்கு,
காளியண்ணன் (கைநாட்டு)

பின்குறிப்பு: இதை எழுதினது சின்னராசுதான். வேறே யார் இருக்காங்க? எழுதி முடித்து வாசித்துக் காட்டினான். தான் பின்னால் போய் நின்றதைக்கூட விடவில்லை, காது மட்டும் சிவந்துபோச்சு. தன் மானக்கேட்டைத் தன் கையாலேயே எழுதுகிறவன் மூப்பராக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மேலே சொன்னதை விடுங்கள், அவனே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை கை நீட்டிவிடுகிறேன். ஆனால் வாசித்ததெல்லாம் எழுத்திலும் இருக்குதா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே எண்ணிப் பாருங்கள். கைநாட்டுக்கு மேலே நான் கரடி என்று ஆறு தடவை சொன்னேன். ஒன்று குறைந்தாலும் அத்தாயியை மூப்பராகப் போடச் சொல்லுங்கள்.