நான் யானை கலைத்த கதை

எங்கள் கலியாணத்துக்குப் பொருத்தம் பார்த்த சாத்திரியார், "யோனிப் பொருத்தம் உத்தமம்" என்று என் அப்பாவின் முகத்துக்கு நேரே, வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னார். அப்பா தலையாட்டினார். அண்ணனும் தலையாட்டினார். கதவுக்குப் பின்னால் நின்ற நான்கூட ஏதோ சோதினை பாஸ் பண்ணியவள் மாதிரிப் பூரித்துப்போனேன். அதற்குப் பிறகு அந்த விஷயம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிரகங்களே சம்மதித்த பிறகு மனிசர் பேச என்ன இருக்கிறது?

இல்லை, பெரியம்மா மட்டும் ஒரு புத்தி சொன்னார். கலியாணத்தன்று பின்னேரம் என் காதுக்குள், "கண்ணை மூடிக்கொண்டு முருகனை நினை பிள்ளை, எல்லாம் கெதியா முடிஞ்சிடும்" என்றார். (பல்லுப் பிடுங்கப் போகிறவளுக்கும் இதையேதான் சொல்லியிருப்பார்.)

அந்த நாட்களில் வன்னியில் துணுக்காய்ப் பக்கம் காடு வெட்டிக் குடியேற்றத் திட்டம் போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு முழக் காணிக்கு வேலிச்சண்டை பிடித்துக்கொண்டிருந்த எங்கள் சனத்துக்கு வயலும் மேட்டுக்காணியும் ஒரு சின்ன வீடும் கிடைத்தன. அப்படிக் காணி எடுத்து வந்தவர் என் மாமனார். அவருடைய மூத்த மகனுக்கு ஆவணியில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

வீட்டில் ஒரே ஓர் அறை. அதைப் பெரிய மனது பண்ணி எங்களுக்கு விட்டுத் தந்தார்கள். ஆனால் அறைக்குக் கதவு இல்லை, ஒரு சாக்குத்தான் தொங்கியது. சாக்குக்கு அந்தப் பக்கம் மாமியார் படுப்பார். அவருக்கு இருமல். நாங்கள் பாயில் புரண்டால் அவர் இருமுவார். அவர் இருமினால் மாமனார் எழும்பி, "என்னப்பா, சுடுதண்ணி வைக்கட்டோ?" என்பார். இத்தனைக்கும் மாதம் தவறாமல், "ஏதும் விசேஷமோ பிள்ளை?" என்று கேட்பவரும் இதே மாமியார்தான். பேரன் வேண்டும், கதவு வேண்டாம். எங்கள் சனத்தின் குடும்பத் திட்டம் அன்றைக்கு இவ்வளவுதான்.

என் மனிசன் நல்லவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் அந்த ஒரு விஷயத்தில், பஸ் வெளிக்கிட முன்னம் தேத்தண்ணி குடிக்கிறவருடைய அவசரம். ஒரு சொல் கிடையாது. முடிந்ததும் மற்றப் பக்கம் திரும்பிக் குறட்டை விடுவார். நான் கண்ணை மூடி, முருகனையும் மயிலையும் நினைத்து, வேலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு நோகும். நோவைவிடக் கோபம் கூட வரும். இந்த மனிசனுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நானே விசாரித்து நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

தைப்பூசத்துக்கு அண்ணன் வந்து என்னைக் கொஞ்ச நாள் ஊருக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. போனால் திரும்பி வருவதில்லை என்று முடிவெடுத்து, நல்ல சேலைகளை எல்லாம் பெட்டிக்குள் அடுக்கினேன். ஊரில் காரணம் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் யோசிக்கவில்லை. (சாத்திரியாருடைய கணக்குப் பிழைத்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்ல முடியுமா?)

தை பிறந்தது. நெல் பால் பிடித்தது. கிளியும் குருவியும் கூட்டம் கூட்டமாக இறங்கின. ஒவ்வொரு வயலுக்கும் நடுவில், தென்னங்கிடுகால் அடைத்த ஒரு காவற்கொட்டில் இருக்கும். அதிலிருந்து வயலுக்குக் குறுக்கே கயிறு ஓடும். கயிறு நெடுகிலும் உள்ளே கல் போட்ட தகரப் பேணிகள் தொங்கும். கொட்டிலில் இருந்தபடி இடைக்கிடை கயிற்றைச் சுண்டினால் வயல் கலகலக்கும், குருவி எழும்பி அடுத்த வயலுக்குப் போகும். ஒரு வயலில் பேணிச் சத்தம் நின்றால் பக்கத்து வயற்காரர் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். மறுமொழி இல்லாவிட்டால், காவலுக்கு இருந்தவனைப் பாம்பு கடித்துவிட்டது என்று ஓடிவருவார்கள். இது நான் வந்த கிழமையே எனக்குச் சொல்லித்தந்த சட்டம். பாதிச் சட்டம்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் சோறு கொண்டுபோனேன். மாமனார் பக்கத்து வயல் ஆறுமுகத்தாரோடு வாய்க்கால் விஷயம் கதைக்கப் போயிருந்தார். கொட்டிலில் என் மனிசன் தனியே இருந்து கயிறு சுண்டிக்கொண்டிருந்தார். கலியாணம் முடித்து முதல் முறையாக, இருமல் கேட்காத ஓர் இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். என் வாய் சும்மா இருக்குமா?

"இஞ்சாருங்கோ, தைப்பூசத்துக்கு அண்ணை வருவார். நான் போனா இனி வரமாட்டன்."

அவர் சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தார். "ஏன்? அம்மா ஏதும் சொன்னவாவோ?"

"அவா சொல்லேல்லை. நீங்கள் ஒண்டும் சொல்லாததுதான் பிரச்சினை. நெல்லுக்கு எப்ப தண்ணி விடோணும், எப்ப மறிக்கோணும் எல்லாம் தெரியுது. பக்கத்தில படுக்கிற பொம்பிளையிட்ட, நோகுதோ எண்டு ஒரு வார்த்தை கேக்கத் தெரியேல்லை."

இவர் முகம் சிவந்து, வெளுத்து, திரும்பச் சிவந்தது. இடது கையால் கயிற்றை ஒருதரம் சுண்டினார்.

"கேக்கப் பயம்" என்றார். "கேட்டா நீர் ஓம் எண்டு சொல்லிப்போடுவீர் எண்டு பயம். பெரியத்தான் சொன்னவர், ஆம்பிளை கதைச்சுக்கொண்டு நிண்டா பொம்பிளை மதிக்கமாட்டாளாம். கெதியா அலுவலை முடிச்சிட்டுத் திரும்பிப் படுக்கோணுமாம்."

இவருடைய மாமன் மகனான அந்தப் பெரியத்தானைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாற்பது வயதாகியும் அவருக்குக் கலியாணம் ஆகவில்லை. இவருக்கு வாய்த்த குரு அவர், எனக்கு வாய்த்த குரு பெரியம்மா. எங்களுக்குள் நடந்தது எதுவும் நாங்களாகச் செய்ததில்லை, அந்த இரண்டு பேரும் செய்ததுதான். எனக்குக் கோபமெல்லாம் போய் அழுகை வந்தது. அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, என் கண்ணைத் துடைத்து, "இப்ப நான் என்ன செய்யோணும் எண்டு நீரே சொல்லும்" என்றார். உலகத்தில் எந்த ஆம்பிளையும் இதைவிட நல்ல வசனம் பேசியிருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. கயிற்றை விட்டால் சத்தம் நிற்கும், சத்தம் நின்றால் ஆட்கள் வருவார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ கை இரண்டும் அதிலேயே போய்விடும். எனவே கயிற்று நுனியை இவருடைய வலது கால் பெருவிரலில் நான்தான் கட்டினேன், நல்ல இறுக்கமாக. கால் அசைந்தால் பேணி அசையும், ஊர் நிம்மதியாக இருக்கும். என்ன கெட்டித்தனம் பாருங்கள்.

அன்றைக்குத்தான் அவசரமில்லாத ஒரு மனிதரைக் கண்டேன். அவர் கேட்டார். நான் சொன்னேன். சில இடத்தில் "இல்லை" என்றேன், அதற்கும் கோபிக்கவில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. இதற்கு நடுவில் சிரிக்கலாம் என்று எனக்கு யாருமே சொல்லித் தந்திருக்கவில்லை. முருகன் ஞாபகத்துக்கே வரவில்லை. குருவிகள் எங்கே போயினவோ தெரியாது, பேணிகள் மட்டும் அந்த வயலில் ஒருநாளும் கேட்காத மாதிரி விடாமல் அடித்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் வெளியே மாமனாரின் குரல்: "யானை! யானை! ஓடி வாங்கோ!" பின்னாலேயே சீனவெடி.

சட்டத்தின் மற்றப் பாதி இதுதான்: இடைக்கிடை அடித்தால் குருவி, விடாமல் அடித்தால் யானை, எல்லாரும் ஓடி வா. இவருக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு யானையா ஞாபகம் வரும்?

நான் சேலையைச் சுற்றிக்கொண்டு கிடுகு ஓட்டையால் பார்த்தேன். முன்னுக்கு வெடியோடு மாமனார். அவருக்குப் பின்னால் ஆறுமுகத்தார், பட்டப்பகலில் தீப்பந்தத்தோடு. அவருடைய மனைவி அகப்பையால் சட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார். அதற்கும் பின்னால் குடியேற்றத் திட்டத்துச் சனத்தில் அரைவாசி.

"மருமோள் உள்ள நிக்கிறாள்!" என்று மாமனார் தொண்டை கிழியக் கத்தினார். அவருக்கு என்னில் இவ்வளவு பாசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரியவந்த நேரம்தான் சரியில்லை.

இவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, முகத்தில் வீரத்தை வரவழைத்து வாசலுக்கு வந்தார். "யானை போயிட்டுதப்பா!"

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்" என்று காட்ட ஓர் அடி எடுத்து வைத்தார். வயல் முழுக்கக் கலகலவென்றது. திடுக்கிட்டு இன்னோர் அடி பின்வாங்கினார். திரும்பவும் கலகல. பிறகு சிலை மாதிரி நின்றார். ஆறுமுகத்தாரின் மனைவி தூரத்துப் பேணியில் தொடங்கி, கயிற்றின் வழியே மெல்ல மெல்லப் பார்வையை நகர்த்திக்கொண்டு வந்து பெருவிரலில் நிறுத்தினார். பிறகு இவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்த என் தலையில் இருந்த வைக்கோலைப் பார்த்தார்.

"வாங்கோ போவம்" என்றார் எல்லாருக்கும். "தினைப்புனத்தில வள்ளிக்கும் யானை வந்துதான் காரியம் நடந்தது."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாமனார் மட்டும் விளங்காமல் வரம்பு நெடுக அடிச்சுவடு தேடிக்கொண்டிருந்தார், பாவம்.

வெட்கத்தில் நான் இரண்டு நாள் கிணற்றடிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மாமியார் குசினிக்குள் அடுப்படியில் இருந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி மாமனாருக்குச் சொன்னார்: "பின்பக்கமா அவனுக்கு ஒரு அறை இறக்கிக் குடுங்கோ. கதவு போட்டு. இல்லாட்டி சனம் ஒவ்வொரு நாளும் வெடி கொழுத்த வேண்டிவரும்." பாலை மரத்தில் கதவு போட்டார்கள். அதற்குப் பிறகு மாமியாருடைய இருமலும் குறைந்துவிட்டது. எந்த மருந்தும் குடித்ததாக எனக்கு நினைவில்லை.

தைப்பூசத்துக்கு அண்ணன் வந்து, "பெட்டியை எடு, மாங்குளத்தில பஸ் போயிடும்" என்றார்.

"நான் வரேல்லை அண்ணை."

"ஏன்?"

இப்போது போகாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "இஞ்ச... யானைக் கரைச்சல். காவலுக்கு ஆள் காணாது" என்றேன்.

"நீயோ யானை கலைக்கிறாய்?"

இவர் கூரையைப் பார்த்தார். மாமியார்தான் மறுமொழி சொன்னார்: "ஓம் தம்பி. இவள் காவலுக்கு இருந்தா வன்னி முழுக்கக் கேக்கும்."

அண்ணன் அதை அப்படியே நம்பி ஊருக்குப் போய்த் தங்கச்சியின் வீரத்தைச் சந்தி சந்தியாகச் சொன்னார். அன்றிலிருந்து யாழ்ப்பாணத்துச் சொந்தத்துக்கு நான் "யானை கலைச்ச அக்கா." வன்னிச் சொந்தத்துக்கும் அதே பெயர்தான். அவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள், இவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சொல்கிறார்கள். கலியாண வீடுகளில் இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக இருக்க நேர்ந்தால் நான் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவேன்.

அண்ணன் மகளின் கலியாணத்தன்று அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "மாமி, நானும் வன்னிக்குத்தான் வாழப் போறன். யானை வந்தா என்ன செய்யோணும்?" என்று உண்மையான பயத்தோடு கேட்டாள். சபையில் வன்னிப் பக்கத்தார் வாயைப் பொத்தினார்கள். நான் வாய் திறக்குமுன் இவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, மிகவும் தீவிரமான குரலில் சொன்னார்:

"ஒண்டுக்கும் பயப்பிடாத பிள்ளை. வெளியில வாறதுக்கு முதல் கயித்தை மட்டும் அவிட்டுப்போடு."