கல்யாண வீடு மாதிரி மெழுகிய கோர்ட்

சாணி வாசனைக்கு வெள்ளைக்காரிகள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நான் மனதார நம்பினேன். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் நீளமாகச் சொல்வாள்.

எழுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம். மாமல்லபுரம் போகும் வழியில் கடலை ஒட்டி இருந்த ஒரு கிளப்பில் டென்னிஸ் போட்டி. தொழில்முறைப் போட்டிகளின் வரிசையில் அது கடைசிப் படி. (அதற்குக் கீழே பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே ஒன்றுதான்.) பெண்கள் இரட்டையர் இறுதி ஆட்டத்துக்கு என் மனைவி விமலாவும், அவள் ஜோடி மெர்சி டீச்சரும் வந்துவிட்டார்கள். மெர்சி டீச்சர் செங்கல்பட்டில் டிரில் டீச்சர். அவர் விசில் அடித்தால் தெருவில் போகிற லாரியும் நின்றுவிடும்.

ஜெயிக்கிற ஜோடிக்கு மதராஸ் பெரிய போட்டியில் இடம். விமலா அந்த இடத்துக்காக மூன்று வருஷம் முயன்று, மூன்று முறையும் தகுதிச் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியவள். கல்யாணமான பிறகும் விடவில்லை. விடிவதற்கு முன் எழுந்து பின்கட்டுச் சுவரில் பந்தடிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் வீட்டையே காலி செய்துவிட்டுப் போனார்.

எதிர் ஜோடி ஹெல்கா என்ற ஜெர்மன்காரியும் ஓர் ஆஸ்திரேலியக்காரியும். ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்கள். ஹெல்காவின் சர்வீஸைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தில்தான் அந்த யோசனை பிறந்தது.

நான் கிளப்பின் உதவிச் செயலாளர். கோர்ட் என் பொறுப்பு. அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கோர்ட்டுகள் பல சாணி மெழுகியவைதான். மண்ணைக் கெட்டிப்படுத்தி, சாணி கரைத்து மெழுகி, கோடுகளுக்கு வெள்ளை நாடா அடித்திருப்போம். மெல்லியதாக மெழுகினால் ஒரு மணி நேரத்தில் வாசனை போய்விடும். கெட்டியாக மெழுகினால்? ஹெல்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு மதராஸ் பஸ் ஏறுவாள், விமலா ஆடாமலே ஜெயிப்பாள். (ஆகா, என்ன மூளை.)

சனிக்கிழமை சாயங்காலம், வழக்கமாக மெழுகும் குப்பத்து அஞ்சலையைக் கூப்பிட்டு, நாளைக்குக் கல்யாண வீடு மாதிரி கெட்டியாக மெழுகவேண்டும் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தால், கோர்ட்டின் தெற்குப் பாதி முழுக்க மாக்கோலம். தேர் அகலத்துக்குப் படிக்கோலம், நான்கு மூலையிலும் தாமரை, சுற்றிச் செம்மண் பட்டை. கோலத்துக்கு நடுவில் எங்கள் நாடாக் கோடு எது என்று தேடவேண்டியிருந்தது.

"இன்னா சார் அப்டி பாக்கற?" என்றாள் அஞ்சலை. "கல்யாண வூடு மாதிரின்னு நீதான சொன்ன? கோலம் இல்லாத கல்யாண வூடு எங்கனா கீதா?"

அழித்துவிடச் சொன்னேன்.

"அழிச்சா சாணியும் சேந்து பேத்துகினு வரும். நீதான் அம்மாங் கெட்டியா போடச் சொன்ன. இன்னும் பச்சையா கீது."

நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற மேஜர் கோலத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெளிநாட்டு ஜோடிக்கு மத்தியானம் பஸ். கோர்ட் சரியில்லை என்று ஆட்டம் நின்றால், தரவரிசையில் மேலே இருக்கும் அவர்களுக்கே மதராஸ் இடம். எனக்கு வேர்த்த வேர்வையில் இன்னொரு கோர்ட் மெழுகியிருக்கலாம். நல்லவேளை, கோடு தெரிகிற அளவுக்கு நாடாவைத் துடைத்துவிட்டு அப்படியே ஆடலாம் என்று மேஜர் முடிவு செய்தார்.

ஹெல்கா வந்தாள். மூக்கைப் பிடிக்கவில்லை. மூச்சை நன்றாக இழுத்து, ஊரில் அப்பாவின் மாட்டுப் பண்ணை ஞாபகம் வருகிறது என்று சந்தோஷப்பட்டாள். பிறகு கோலத்தைக் காட்டி, இதை மிதிக்கலாமா என்று என்னைக் கேட்டாள். அங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. லட்சுமி வந்து அமரும் இடம், மிகவும் புனிதம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவைத்தேன்.

முதல் கேமில் வெளிநாட்டு ஜோடி தெற்குப் பக்கம். இரண்டு பேரும் தாமரையைத் தாண்டிக் குதித்து, படிக்கோலத்தைச் சுற்றி ஓடி, ஒரு பந்தையும் தொடாமல் தோற்றார்கள். அழிக்கச் சொல்லிக் கெஞ்சிய அதே கோலம் அழியக்கூடாதே என்று இப்போது வேண்டிக்கொண்டேன்.

பக்கம் மாறியது. விமலாவும் மெர்சி டீச்சரும் தினமும் வாசல் கோலத்தை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். கோலத்தின் மேலேயே தடதடவென்று ஓடினார்கள். ஹெல்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் அடுத்த இரண்டு கேமும் போயின. மூன்றுக்குப் பூஜ்யம். மறுபடி பக்கம் மாறும்போது அவள் விமலாவிடம் ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டு என்னைச் சுட்டிக் காட்டினாள்.

விமலா என்னைப் பார்த்த பார்வையில் பச்சைச் சாணி காய்ந்திருக்கும்.

கோலத்தின் நடுவில் போய் நின்று, மிச்சமிருந்த தாமரைகளை ஷூவால் தேய்த்தாள். கோலம் மிதிபடத்தான் போடுவது என்று ஹெல்காவிடம் சொன்னாள். பிறகு மேஜரிடம் போய், இந்த மூன்று கேமும் வேண்டாம், முதலிலிருந்து ஆடுகிறோம் என்றாள். இரண்டு ஜோடிக்கும் சம்மதமானால் சரி என்றார் மேஜர்.

"மூணு கேமு, விமலா," என்றார் மெர்சி டீச்சர் ஈனக் குரலில்.

"திருப்பி எடுத்துக்கலாம், டீச்சர்."

அடுத்துத்தான் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க வேலிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

போய் நின்றேன். அஞ்சலை பக்கத்தில் வந்து, "பேஜாரா பூட்ச்சா சார்?" என்று விசாரித்தாள்.

குதிக்காமல் ஆடிய ஹெல்கா வேறு ஹெல்கா. முதல் செட் போய்விட்டது. பந்து சாணியில் புரண்டு பச்சையாகி, கனத்து, மந்தமாக எழும்பியது. ஹெல்காவின் சர்வீஸின் வேகம் அதில் செத்தது. இரண்டாவது செட்டில் மெர்சி டீச்சர் அவளுடைய சர்வீஸை நின்று நிதானமாகத் திருப்ப ஆரம்பித்தார். மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து வந்தபோது நான் வேலிக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தேன். (மிகைப்படுத்தவில்லை; துரு வாயில் ஒட்டியது.) கடைசிப் பந்தில் விமலா நெட்டுக்கு ஓடிவந்து, ஹெல்காவின் தலைக்கு மேலாக வந்த பந்தை எதிர் ஜோடி இருவருக்கும் நடுவில் இறக்கினாள். ஹெல்காதான் முதலில் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நால்வரும் இடுப்புவரை பச்சை.

இன்றுவரை வீட்டில் எந்தக் காரியத்துக்கும் "நான் பார்த்துக்கறேன்" என்று வாயெடுத்தால் போதும், என் பெண் வாசல் பக்கம் கை காட்டி, "அப்பா, வேலிக்கு அந்தப் பக்கம்" என்கிறாள். மாப்பிள்ளையும் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்.

நான்கு-ஆறு, ஆறு-மூன்று, ஏழு-ஐந்து. விமலாவும் மெர்சி டீச்சரும் ஜெயித்தார்கள். மதராஸில் ஆடினார்கள்.