பாதிரியாருக்குப் போட்ட மாலை

இருநூறு வருடங்களுக்கு முன்பு காலமான ஒரு ஸ்பானியப் பாதிரியாருக்கு மனைவியையும் பேரப்பிள்ளைகளையும் தேடிக்கொடுத்த பாவம் என்னுடையது. வேண்டுமென்று செய்யவில்லை. பாதி விளக்கம் சொல்லிவிட்டு மீதி வேலையை அம்மாவின் தலையில் கட்டினேன், அவ்வளவுதான்.

அப்போது நான் டொரொண்டோவில் சரித்திரத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கலிஃபோர்னியாவில் ஸ்பானியர்கள் நடத்திய மிஷன்கள்தான் என் விஷயம். அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, பிறகு வெளியேற விடாமல் வேலை வாங்கி, நோயில் சாகவிட்ட இடங்கள். (எங்கள் வீட்டில் இதை விளக்கி மாளாது. "உதால என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான் அப்பாவின் ஒரே ஆராய்ச்சிக் கேள்வி.) அந்த வருடம் பேராசிரியர் எலனின் உதவியாளர் வேலை கிடைக்காவிட்டால் கணக்கியல் படிக்கப் போவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எலனோ, மிஷன்களில் இறந்தவர்களுக்கான நினைவுக் கண்காட்சியை நான் எப்படி நடத்துகிறேன் என்று பார்த்துத்தான் முடிவு சொல்வதாக இருந்தார்.

கண்காட்சிக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது அம்மாவிடம் சாப்பாட்டுக்கும் மண்டப அலங்காரத்துக்கும் உதவி கேட்டேன்.

"ஆர் செத்தது பிள்ளை?"

"கனபேர் அம்மா."

"எப்ப?"

"இருநூறு வருசத்துக்கு முன்னம்."

அம்மா விரல்விட்டு எண்ணினார். "அப்ப முப்பத்தொண்டு, அந்தியேட்டி எல்லாம் முடிஞ்சிருக்கும். உது ஆண்டுத் திவசம் மாதிரி. சாப்பாடு சைவம்தானே?"

"ஓம் ஓம். நான் ஒரு படம் அனுப்புறன், அதையும் பெரிசா அடிச்சுக்கொண்டு வாங்கோ" என்று சொல்லி, மிஷனை நடத்திய பாதிரியாரின் படத்தை அனுப்பிவிட்டுக் கணினிக்குள் புதைந்துபோனேன். அது கண்காட்சியின் ஏழாவது விளக்கப் பலகையில் ஒரு மூலையில் ஒட்டவேண்டிய படம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கண்காட்சியன்று காலை நான் விமான நிலையத்திற்குப் போய் எங்கள் சிறப்பு விருந்தினர் ரோசாவை அழைத்துவந்தேன். அவருடைய முன்னோர்கள் அந்த மிஷன்களில் ஒன்றில்தான் இறந்தார்கள். மண்டபக் கதவைத் திறந்தேன். நேர் எதிரே, வெள்ளைத் துணி விரித்த மேசையில், தங்க நிறச் சட்டத்திற்குள் பாதிரியார். கழுத்தில் ரோசாப்பூ மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பக்கத்தில் வடைத் தட்டோடு அம்மா.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. டொரொண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் ஈழத்து ஆட்களின் நினைவஞ்சலிகளை அச்சடிக்கும் கடையில் அம்மா படத்தைக் கொடுத்திருக்கிறார். கடைக்கார அண்ணை தனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில் அதைப் பொருத்திவிட்டு, முந்தைய ஆளின் வாசகத்தை அழிக்க மறந்திருந்தார். மேலே "கண்ணீர் அஞ்சலி". கீழே "பிரிவால் துயருறும் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்".

எங்களுக்கு முன்பே வந்திருந்த எலன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"நல்வரவு என்று" என்றேன்.

அம்மாவுக்குப் பொய் பிடிக்காது. "நோ, நோ. வைஃப், சில்ட்ரன், கிராண்ட்சில்ட்ரன். எவ்றிபடி வெரி சாட்."

நான் மனதுக்குள் கணக்கியல் படிப்புக்கு விண்ணப்பம் போட்டு, முதல் தவணைப் பரீட்சையில் தோற்றும்விட்டேன்.

ரோசா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவருடைய குடும்பத்தைப் பற்றித் திருச்சபைக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவருக்கு ஏன் மாலை போட்டீர்கள் என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். அதில் சிரிப்பு இல்லை.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா என்னையே திருப்பிக் கேட்டார். "செத்தவையின்ர படத்துக்குத்தானே மாலை போடுறது? நீதானே படத்தைத் தந்தனி."

"அஞ்சலி இவருக்கு இல்லை அம்மா. இவரிட்ட மாட்டுப்பட்டுச் செத்த சனத்துக்கு. அவையள ஒருத்தரும் படம் கீறேல்லை. பேர் மட்டும்தான் இருக்கு."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "உதை முதலே சொல்லுறதுக்கென்ன? எங்கட அண்ணைக்கும் படம் இல்லாமல் பேரை எழுதித்தானே மாலை போட்டனாங்கள்." சண்டைக்காலத்தில் காணாமல் போன என் மாமாவைச் சொன்னார்.

அவர் மாலையைக் கழற்றினார். பாதிரியாரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். மரணப் பதிவேட்டிலிருந்து நான் பிரதியெடுத்து வைத்திருந்த பெயர்த்தாள்களைத் தூக்கி மேசையில் நிமிர்த்தி, மாலையைச் சுற்றிவிட்டு, தீப்பெட்டியை ரோசாவிடம் நீட்டினார். ரோசா விளக்கேற்றி ஒவ்வொரு பெயராக வாசித்தார். இரண்டு வருடமாக அந்தப் பெயர்களைக் கணினியில் வரிசை வரிசையாக அடித்தவள் நான். ஒரு பூ வைக்கவேண்டும் என்று ஒருநாளாவது தோன்றியதில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. மூன்றாவது வடையைக் கடித்தபடியே எலன் என் முதல் பணியைச் சொன்னார்: பெயர்கள் முதல் பலகைக்கு வரவேண்டும், பாதிரியார் ஏழாவதிலேயே இருக்கட்டும், குடும்பம் இல்லாமல்.

அன்றிலிருந்து அம்மா யாருக்கு மாலை போடுவதென்றாலும், பொன்விழா நாயகராக இருந்தாலும் சரி, முதலில் என்னைக் கூப்பிட்டு, "ஆள் எப்பிடி?" என்று விசாரித்துவிட்டுத்தான் போடுவார். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குப் போடவேண்டிய மாலையை என் கையில் தரும்போது, ஐயர் காத்திருக்க, மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்க, காதோடு சொன்னார்: "வடிவா விசாரிச்சனியே பிள்ளை? இன்னொருக்கால் கழட்ட என்னால ஏலாது."